கேடயம் ஏந்திய பையன்

குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களில் வாளேந்திய சிறுமியைக் காண்பது இன்று அரிதான செய்தி அன்று. விண்கலம் ஓட்டுபவள், மாயசக்தியால் பகைவரை வீழ்த்துபவள், வரைபடத்தின் துணையோடு காட்டையும் ஆற்றையும் கடப்பவள் என்று எல்லா வகையினரும் வந்துவிட்டார்கள். சுட்டி டிவியில் டோராவோடு சேர்ந்து குள்ளநரியை அதட்டி வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். ஒரு சிறுமி பயணத்துக்குத் தலைமை தாங்குவது தங்களுக்கு விசித்திரமாகப்பட்டதாக அவர்களில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பையன்களுக்கு உரியது என்று கருதப்பட்ட வேலையைப் பெண் செய்வதைப் பெற்றோரும் பெருமையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். "எம் பொண்ணு ஆம்பளப் புள்ள மாதிரி" என்பது நம் வீடுகளில் பாராட்டு. "எம் பையன் பொம்பளப் புள்ள மாதிரி" என்று எந்தத் தகப்பனும் மார்தட்டிச் சொன்னதில்லை.

இந்தக் கோணல் திரையிலும் அப்படியே இருக்கிறது. நம் நாட்டில் 2008இல் தொடங்கி இன்றுவரை சக்கைப்போடு போடும் சோட்டா பீமை எடுத்துக்கொள்ளுங்கள். லட்டு தின்றால் பலம் வரும், பலம் வந்தால் குத்து விழும், குத்து விழுந்தால் ஊர் பிழைக்கும். பீம் கெட்ட பையன் அல்லன், பிறருக்கு உதவுபவன்தான். ஆயினும் உதவி என்பது அவனிடம் எப்போதும் தசையின் வழியாகவே வெளிப்படுகிறது. பயந்துபோன ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அதனாலேயே கதையை முடித்துவைக்கும் பையனைக் கதாநாயகனாக வைத்து ஒரு சாகசத் தொடர் ஓடுமா என்று பத்தாண்டுகளுக்கு முன் என்னைக் கேட்டிருந்தால் ஓடாது என்றே சொல்லியிருப்பேன். அப்படி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் 'ஸ்டீவன் யூனிவர்ஸ்'.

அதற்குப் போகும் முன், பையன்களை இந்தப் பக்கம் அழைத்துவர நடந்த இரண்டு பழைய முயற்சிகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அமெரிக்க நடிகை மார்லோ தாமஸ் 1972இல் பாடல் தொகுப்பாக வெளியிட்டு, 1974இல் ஏபிசி தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக ஆக்கிய 'ஃப்ரீ டு பி யூ அண்ட் மீ'. அதில் வில்லியம் என்ற பையன் ஒரு பொம்மைக் குழந்தை வேண்டும் என்று கேட்கிறான். அப்பா அதற்குப் பதிலாக விளையாட்டுச் சாமான்களாக வாங்கிக் குவிக்கிறார். வில்லியம் அவற்றையும் நன்றாகவே விளையாடுகிறான், இருந்தாலும் பொம்மையைக் கேட்பதை நிறுத்துவதில்லை. கடைசியில் பாட்டி வாங்கித் தருகிறாள்: நாளைக்கு இவனும் ஒரு குழந்தைக்கு அப்பா ஆவான், தூக்கிப் பழக வேண்டாமா என்பது அவள் வாதம். அதே நிகழ்ச்சியில் ரோசி கிரியர் என்ற மலை போன்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், அழுவதில் தவறில்லை என்று பாடினார். அவருக்குத் துணியில் பூத்தையல் போடுவது பொழுதுபோக்கு. ஆண்களுக்கான தையல் கையேடு ஒன்றையே 1973இல் வெளியிட்டவர். நிகழ்ச்சியை ஒளிபரப்பும் முன், வில்லியமின் பொம்மைப் பகுதியை எடுத்துவிடச் சொல்லித் தொலைக்காட்சி நிர்வாகத்தினர் வற்புறுத்தியதாக மார்லோ தாமஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓட்டப்பந்தயத்தில் ஆண்களுக்குச் சளைக்காமல் ஓடும் இளவரசி ஒருத்தியின் கதையும் அதே நிகழ்ச்சியில் உண்டு. கலக்கம் வந்தது பொம்மை கேட்ட பையன் விஷயத்தில்தான்.

இரண்டாவது நமக்கு நெருக்கமானது. 1990களின் தொடக்கத்தில் வங்கதேசத்தின் யூனிசெஃப் அலுவலகம் தெற்காசியச் சிறுமிகளுக்காக 'மீனா' என்ற உயிர்ப்படத் (அனிமேஷன்) தொடரைத் தொடங்கியது. நம் நாட்டு உயிர்ப்படக் கலையின் முன்னோடியான ராம் மோகன் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். அதில் ஒரு மாம்பழக் கதை வருகிறது. பழத்தைப் பங்கிடும்போது தம்பி ராஜுவுக்குப் பெரிய பங்கு, மீனாவுக்குச் சிறியது. சாப்பாட்டிலும் அப்படியே. மீனா கேள்வி கேட்கிறாள்; ஒருநாள் அக்காவும் தம்பியும் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். மாலைக்குள் ராஜுவுக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. தட்டில் விழும் சோற்றுக்கும் உடம்பு செய்யும் வேலைக்கும் உள்ள கணக்கு அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறந்து பார்க்கப்படுகிறது. இந்தக் கதையை எல்லோரும் மீனாவின் வெற்றியாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு ராஜுவும் முக்கியமாகத் தெரிகிறான். வீட்டு வேலையின் பாரத்தை ஒரு பையனின் உடம்பில் ஏற்றிக் காட்டிய முதல் கார்ட்டூன் நான் பார்த்தவற்றில் அதுதான். ஆனால் ராஜு அந்தப் பாரத்தைச் சுமந்தது ஒரே ஒரு நாள்.

இரண்டு முயற்சிகளும் நல்லெண்ணத்தோடு ஒரு கருத்தைச் சொல்லிக்கொடுக்க எழுந்தவை. அதைச் சொல்லவும் செய்தன. அமெரிக்காவின் வணிகத் தொடர்கள் வேறு திசையில் போயின. 1984இல் அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கான விளம்பரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும், பொம்மை நிறுவனங்களே தொடர்களின் பின்னணியில் நிற்கத் தொடங்கின. பையன்களுக்குப் புடைத்த தோள்களும் இயந்திர மனிதர்களும். பெண் குழந்தைகளுக்கு இளஞ்சிவப்புக் குதிரைக் குட்டிகள். கடையில் பொம்மைகள் எப்படிப் பிரிந்து கிடந்தனவோ, திரையும் அப்படியே பிரிந்தது. பல தொடர்களுக்குக் கதையைத் தீர்மானித்தது பொம்மை அட்டைப்பெட்டியின் நிறம் என்று சொன்னால் மிகையாகாது.

இந்தப் பின்னணியில்தான் 2013 நவம்பரில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் 'ஸ்டீவன் யூனிவர்ஸ்' வந்தது. உருவாக்கியவர் ரெபெக்கா சுகர். அந்த அலைவரிசைக்குத் தனியொருவராகத் தொடர் படைத்த முதல் பெண் என்று அப்போது அவரைப் பற்றி எழுதினார்கள். ஆண், பெண் என்ற இரு பெட்டிகளுக்குள் தாம் முழுதாக அடங்குவதில்லை என்று அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். ஸ்டீவன் என்ற பாத்திரத்துக்கு அடிப்படை அவருடைய தம்பி. தம்பியின் பெயரும் ஸ்டீவன், அந்தத் தம்பியே தொடரின் பின்னணிக் காட்சிகளை வரைந்தவர்களில் ஒருவர். ஏறத்தாழ 11 நிமிட அத்தியாயங்களாக 160 அத்தியாயங்கள் 2019 ஜனவரி வரை ஓடின. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு திரைப்படமும், டிசம்பர் முதல் 2020 மார்ச் வரை 20 அத்தியாயங்கள் கொண்ட பின்தொடரும் வந்தன. அந்தப் பின்தொடர் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

கதை இதுதான். பூமிக்கு வந்து, தங்கள் சொந்தப் பேரரசை எதிர்த்து, பூமியைக் காக்க நின்ற ரத்தினங்கள் என்னும் வேற்றுக்கிரக இனத்தார் மூவர்: கார்னெட், அமெதிஸ்ட், பேர்ல். அவர்களின் தலைவி ரோஸ் குவார்ட்ஸ் ஒரு மனிதனைக் காதலித்து, ஒரு குழந்தை பிறக்க வேண்டும் என்பதற்காகத் தன் உருவத்தையே கைவிட்டாள். அவளுடைய ரத்தினம் இப்போது ஸ்டீவனின் தொப்புள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அந்த மூவரும் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் அவனை வளர்க்கிறார்கள். அப்பா கிரெக் நீள முடி வைத்த பழைய பாடகர். கார் கழுவும் கடை நடத்தி, வேனிலேயே தூங்கி எழுபவர்.

கார்னெட் கைமுஷ்டியால் மோதுவாள், பேர்ல் ஈட்டி வீசுவாள், அமெதிஸ்டின் ஆயுதம் சாட்டை. பையனுக்கு அம்மாவிடமிருந்து வந்தது ரோஜாப்பூ பொறித்த இளஞ்சிவப்புக் கேடயம். தாக்கும் ஆயுதங்கள் அனைத்தும் பெண் குரலுடையோர் கையிலும், தடுக்கும் ஆயுதம் பையன் கையிலும் இருக்கின்றன. இதைச் சுட்டிக்காட்டி யாரும் உரை நிகழ்த்துவதில்லை. ஸ்டீவன் குண்டுப் பையன், சுருட்டை முடி, யுகுலேலி என்னும் சிறு கிதாரை மீட்டிப் பாடுபவன். அவனுக்குப் பிடித்த கார்ட்டூனில் காலை உணவுப் பண்டங்கள் உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கும்; அவ்வளவுதான் அந்தக் கார்ட்டூனின் கதை. அதை அவன் கண்கொட்டாமல் பார்ப்பான்.

அழுகையைப் பற்றி ஒரு நுட்பமான அத்தியாயம் உண்டு. அமெதிஸ்டின் ரத்தினத்தில் விரிசல் விழுகிறது. அம்மா ரோஸின் கண்ணீருக்குக் குணப்படுத்தும் ஆற்றல் இருந்ததாக எல்லோரும் சொல்வார்கள். ஸ்டீவனும் அழுது பார்க்கிறான். பலனில்லை, அம்மாவின் வரம் தனக்கு வாய்க்கவில்லை என்று மனமுடைந்து போகிறான். பிறகுதான் தெரிகிறது, அவனுக்கு அந்த ஆற்றல் எச்சிலில் இருக்கிறது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது: அவன் அம்மாவின் நகல் அல்லன். மென்மையான பையன் என்றாலும் இன்ன விதத்தில்தான் மென்மையாக இருக்க வேண்டும் என்ற அச்சு எதுவும் அவனுக்காக வார்த்து வைக்கப்படவில்லை.

2015இல் வந்த இன்னொரு அத்தியாயத்தில், ஊர்க் கலைநிகழ்ச்சியில் பாட வேண்டிய தோழி ஒருத்தி மேடையேற மனமில்லாமல் அழுகிறாள். அவளுடைய தாய் தன் ஆசையை எல்லாம் மகள் மேல் ஏற்றிவைத்த கதை அது. அவளுக்கென்று தைத்த குட்டைப் பாவாடை, குதிகால் உயர்ந்த செருப்பு, உதட்டுச் சாயம் எல்லாவற்றையும் அணிந்து ஸ்டீவன் மேடையில் தோன்றி ஆடிப் பாடுகிறான். நம் திரைப்படங்களில் ஆண் பெண் வேடமிட்டால் அது சிரிப்புக் காட்சி என்பது எழுதாத விதி. இங்கே பார்வையாளர்கள் சிரிக்கவில்லை, கைதட்டுகிறார்கள். பாட்டு நன்றாக இருந்தது என்பதே அவர்களுக்குப் போதுமான காரணமாக இருக்கிறது. அவன் அந்த உடையைப் பற்றி ஒரு சொல்லும் விளக்கம் தருவதில்லை. இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இந்த மௌனம்தான். மீனா வாதாட வேண்டியிருந்தது, வில்லியமுக்காகப் பாட்டி வாதாட வேண்டியிருந்தது. ஸ்டீவனுக்காக யாரும் வாதாடுவதில்லை.

இனி கானி. முழுப் பெயர் கானி மகேஸ்வரன். இந்தப் பெயரைக் கேட்டால் எந்தத் தமிழரும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார். அவள் இந்திய வம்சாவளி அமெரிக்கப் பெண் என்பது தெளிவு. அதற்கு மேல் ஊர், மொழி எதையும் தொடர் வலியுறுத்துவதில்லை. அம்மா பிரியங்கா மருத்துவர், கண்டிப்பானவர். ஊர் ஊராக மாறியதில் நண்பர் என்று ஒருவருமில்லாமல் புத்தகத்துக்குள் புதைந்து கிடக்கும் கானியின் தலைக்கு மேல் பாறை விழவிருந்தபோது, ஸ்டீவனிடமிருந்து முதன்முறையாக ஒரு காப்புக் குமிழி பிறக்கிறது. அதற்குள் இருவரும் மாட்டிக்கொள்வதிலிருந்து அவர்கள் நட்பு தொடங்குகிறது.

பின்னர் அவள் பேர்லிடம் வாள் வித்தை கற்கிறாள். வழக்கமான தொடராக இருந்தால் இந்த இடத்தில் கொட்டு முழக்கம் கேட்கும்: பார், பெண்ணும் வாளெடுத்துவிட்டாள்! இங்கே நடப்பது வேறு. பேர்ல் கற்றுக்கொடுப்பது வாள் வித்தையோடு சேர்த்து ஒரு மனநிலையை: நீ முக்கியமில்லை, ஸ்டீவன்தான் முக்கியம், அவனுக்காக நீ அழிந்தாலும் சரி. பேர்ல் அப்படித்தான் ரோஸுக்காகத் தன்னைக் கரைத்துக்கொண்டவள். தன் காயத்தையே பாடத்திட்டமாக மாற்றி வைத்திருக்கிறாள். கானி அதைக் கடமையுணர்ச்சியோடு விழுங்குகிறாள். ஸ்டீவன் பயந்துபோய் இடையில் புகுந்து, நீ எனக்காகச் சாக வேண்டாம், இருவரும் சேர்ந்து நிற்போம் என்கிறான். அவன் கேடயமும் அவள் வாளும் அதன் பிறகு ஒரே ஆட்டத்தின் இரு கைகளாகின்றன. பெண் கையில் வாளைக் கொடுத்துவிட்டு, மனத்துக்குள் பழைய பணிவிடையையே வைத்துத் தைத்துவிட முடியும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன இன்னொரு குழந்தைத் தொடரை நான் பார்த்ததில்லை.

இந்த இருவரும் ஒருமுறை ஆடும்போது எதிர்பாராமல் இணைந்து ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ரத்தினங்களுக்கு அப்படி இணையும் திறன் உண்டு. ஸ்டீவானி என்ற அந்த ஆளை ஆண் என்றோ பெண் என்றோ தொடர் வகைப்படுத்துவதில்லை. அந்த உருவத்தில் ஓடிப் பார்க்கிறார்கள், கடலில் குதிக்கிறார்கள், ஒரு நடன விருந்துக்குப் போகிறார்கள். அங்கே தலைக்கனம் பிடித்த இளைஞன் ஒருவன் வழியும்போது, புது உடம்பின் மகிழ்ச்சி எப்படி ஒரே நிமிடத்தில் கூச்சமாகவும் அச்சமாகவும் மாறும் என்பதையும் காட்டுகிறார்கள். பருவ வயதைத் தாண்டி வந்த பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த நிமிடத்தை ஸ்டீவனும் உள்ளிருந்து உணர்கிறான். இரக்கத்தைப் போதிப்பதைவிட இது வலிமையான வழி.

எல்லா நாடுகளும் இந்தத் தொடரை வரவேற்கவில்லை. கென்யாவின் திரைப்படத் தணிக்கை வாரியம் 2017இல் வேறு சில கார்ட்டூன்களோடு இதையும் தடைசெய்தது. பிரிட்டனில் பேர்லும் ரோஸும் நெருங்கி ஆடும் காட்சியை அலைவரிசையே வெட்டி ஒளிபரப்பியது. 2018இல் ரூபி, சஃபையர் என்ற இரு பெண் பாத்திரங்களின் திருமணம் திரையில் நடந்தது. மணப்பெண்ணின் வெள்ளை உடையை முரட்டுத்தனமான ரூபியும், கோட்டு சூட்டை அமைதியான சஃபையரும் அணிந்திருந்தார்கள். மறு ஆண்டு, தன்பாலின ஈர்ப்பாளர், மாற்றுப் பாலினத்தோர் உள்ளிட்டோரின் ஊடகச் சித்திரிப்புக்காக வழங்கப்படும் கிளாட் விருதை இந்தத் தொடர் பெற்றது. விருதுகளையும் தடைகளையும் பற்றி இவ்வளவு போதும்.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் வளர்கிறவன். இந்தத் தொடரை எனக்கு அறிமுகம் செய்தவன் அவன்தான். ஒரு கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்திருந்தபோது, என் மடிக்கணினியில் அத்தியாயங்களை வரிசையாகப் போட்டு, "அத்தை, இதைப் பாருங்க, இதுல கானியோட அம்மா அப்படியே எங்க அம்மா" என்றான். அவன் காட்டியது மருத்துவமனையில் நடக்கும் ஓர் அத்தியாயம். மகளிடம் வாள் இருப்பதைக் கண்டுபிடித்துத் தாய் கொதிக்கிறாள். கானி வெடிக்கிறாள்: என் கண் சரியாகி எத்தனையோ மாதமாகிவிட்டது, இந்தக் கண்ணாடிச் சட்டத்தில் வில்லையே இல்லை, உனக்கு அது தெரியவே இல்லையே! (ஸ்டீவனின் எச்சில் செய்த வேலை அது.) மகளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் கணக்கு வைத்திருக்கும் தாய், மகளின் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்ற கேள்வி அங்கே விழுகிறது. எங்கள் அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, என்னப் பத்தியா பேச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதே விடுமுறையில் மொட்டை மாடிப் படியில் பையன் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டு அழுதான். என் அப்பா, பாசத்தில் யாருக்கும் குறைந்தவர் அல்லர், ஓடிவந்து தூக்கியபடியே "சிங்கக்குட்டி அழலாமாடா?" என்றார். அவன் உடனே அழுகையை நிறுத்திக்கொண்டான். தாத்தாவுக்குத் திருப்தி. என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவருக்கு அவர் அப்பா சொன்னதும் அதுவே. மருந்து போடும்போது அந்தப் பையன் என்னிடம், வலிக்கவில்லை என்று தாத்தாவிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டான். தாத்தா கவலைப்படக் கூடாதாம். பெரியவர்களின் மனத்தை ஆற்றும் பொறுப்பை ஒரு குழந்தை எவ்வளவு சுலபமாகத் தலையில் ஏற்றிக்கொள்கிறது என்பதை அப்போது கவனித்தேன். பின்தொடர் பேசுவது இதைத்தான்.

முதல் 160 அத்தியாயங்களில் ஸ்டீவன் எல்லோரையும் தேற்றுகிறான். பேர்லின் துக்கம், அமெதிஸ்டின் தாழ்வு மனப்பான்மை, பகைவரின் தனிமை, கடைசியில் கோள்களையே அழித்த பேரரசியரின் குடும்பச் சண்டை எல்லாம் அவன் மடிக்கு வருகின்றன. ஒருவருடைய உள்ளத்தைத் தொட்டுவிட்டால் அவர் மாறிவிடுவார் என்பது தொடரின் நம்பிக்கை. கொடுங்கோலர்களை இவ்வளவு மலிவாக மன்னிக்கலாமா என்று அப்போதே விமர்சகர்கள் கேட்டார்கள். நானும் அவர்கள் கட்சிதான். அந்தப் பேரரசால் சிதைந்தவர்களின் தரப்பு சில பாடல்களுக்கு நடுவில் கரைந்து போய்விடுகிறது. அதற்கு இணையாக இன்னொரு குறையும் இருந்தது: எல்லோரையும் தேற்றும் இந்தப் பையனை யார் தேற்றுகிறார்கள்? அவனைப் பார்க்கும் ஒவ்வொருவரும் அவனுக்குள் அவன் அம்மாவையே தேடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் பேரரசி அவனிடமிருந்து ரத்தினத்தைப் பிடுங்கி எடுக்கும்போது, அதிலிருந்து வெளிப்படுவது அம்மா அல்லள், இன்னொரு ஸ்டீவன்தான். அம்மா போய்விட்டாள் என்று அந்த உருவம் அலறுகிறது. பிரிந்த இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, சிரித்து, அழுது, மீண்டும் ஒன்றாகிறார்கள். தான் இன்னாரின் மகன், இன்னாரின் மறுபிறவி என்பதையெல்லாம் தாண்டித் தான் ஒரு தனி ஆள் என்று ஒரு குழந்தை உணரும் காட்சியை இதைவிட நேராக எடுக்க முடியாது. பாட்டன் பெயரைச் சூட்டி, "அப்படியே அவரை உரிச்சு வெச்சிருக்கான்" என்று பிறந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்க்கும் நமக்கு அந்தக் காட்சி கொஞ்சம் குறுகுறுக்கும்.

பின்தொடரில் ஸ்டீவனுக்கு வயது 16. போர் முடிந்துவிட்டது, தேற்ற ஆளில்லை. எல்லோரும் தத்தம் வழியில் முன்னேறுகிறார்கள், அவனுக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபம் வரும்போது உடம்பு இளஞ்சிவப்பாக ஒளிர்ந்து, சுவர்கள் விரிசல் விடுகின்றன. கானியிடம் போய்த் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறான். அவள் அன்போடு, இப்போது வேண்டாம் என்கிறாள். ஒருவரோடு நிரந்தரமாக இணைந்துவிட்டால் தனக்குள் இருக்கும் பள்ளம் மூடிவிடும் என்று நினைக்கும் பதின்வயதுப் பையனுக்கு இதைவிடப் பொறுப்பான பதில் கிடைக்காது. நம் திரைக்கதைகளில் பெண் மறுத்ததும் பாட்டும் பழியும் தொடங்கும். இங்கே பழி ஒரு சொட்டும் அவள் மேல் விழவில்லை.

அடுத்து அவனைப் பரிசோதிப்பவர் மருத்துவர் பிரியங்கா மகேஸ்வரன். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மருத்துவரிடம் போகிறான். ஊடுகதிர்ப் படத்தில் (எக்ஸ்ரே) அவன் எலும்புகள் பல இடங்களில் முறிந்து கூடிய தழும்புகள் தெரிகின்றன. சாகசங்கள் என்று நாம் சிரித்துக்கொண்டே பார்த்த அத்தியாயங்கள் அனைத்தும் அந்தப் படத்தில் இருக்கின்றன. சிறு வயதில் தொடர்ந்து ஆபத்துக்குள்ளானவரின் உடம்பு, சின்னச் சங்கடத்துக்கும் உயிராபத்துக்கும் வேறுபாடு தெரியாமல் கொந்தளிக்கும் என்று அவர் பொறுமையாக விளக்குகிறார். பெரிய எதிரி என்று யாரும் இல்லாத இந்தப் பின்தொடரில் கதையின் உச்சம், ஸ்டீவனே ஒரு ராட்சதனாக மாறிவிடுவது. ஒருவரும் அவனை அடித்து வீழ்த்தவில்லை. வளர்த்தவர்கள், நண்பர்கள், அப்பா எல்லோரும் சேர்ந்து அந்த ராட்சத உடம்பைக் கட்டிப்பிடிக்கிறார்கள். அவன் அழுது அழுது பழைய உருவுக்கு வருகிறான். கடைசி அத்தியாயத்தில் மனநல ஆலோசகரிடம் போய்வருவதாக, கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்கிறான்.

பையனுக்கு அழுகையைக் கொடுத்தது பெரிய காரியம்தான். அதை 1974இலேயே ஒரு கால்பந்து வீரர் பாடிக் கொடுத்துவிட்டார். இந்தத் தொடர் அதற்கு அடுத்த கேள்விக்குப் போனது என்பதே என் கட்சி. பிறரைத் தாங்குவது, சமாதானம் செய்வது, தன் வலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது ஆகிய வேலைகளைக் காலகாலமாகப் பெண்கள் செய்துவந்தார்கள். அதற்குக் கூலியும் இல்லை, ஓய்வும் இல்லை. அந்த வேலையை ஒரு பையனிடம் கொடுத்தால் அவன் இனிமையானவன் ஆவான் என்பது பாதி உண்மை. அதே நிபந்தனைகளோடு கொடுத்தால் அவனும் உடைவான் என்பது மீதி. மாம்பழக் கதையில் ராஜு ஒரு நாள் சுமந்ததை ஸ்டீவன் குழந்தைப் பருவம் முழுவதும் சுமந்தான். பெண்ணுக்குரியது என்று ஒதுக்கப்பட்டதைப் பையனுக்கும் தந்துவிட்டோம் என்று மகிழ்ந்து முடித்துக்கொள்ளாமல், தந்தது எவ்வளவு பாரமானது என்று திரும்பிவந்து நிறுத்துப் பார்த்த துணிச்சல் அந்தப் படைப்பாளிகளுக்கு இருந்தது. தங்கள் கதாநாயகனின் ஊடுகதிர்ப் படத்தை ரசிகர்களிடம் நீட்டிய தொடர் வேறெது?

குறைகளும் உண்டு. முதல் இருபது அத்தியாயங்களில் பாதி, கதைக்குத் தேவையில்லாத ஊர்வம்பு. ஒளிபரப்பான காலத்தில் சில நாள் தொடர்ந்து வந்துவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போய்விடும். இப்போது மொத்தமாகப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பின்தொடரின் முடிவும் அவசர அவசரமாகக் கட்டப்பட்டது. ராட்சதனாகி மீண்டவன் அடுத்த அத்தியாயத்திலேயே மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவதற்கு நடுவில் இன்னும் நாலைந்து அத்தியாயங்கள் இருந்திருக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளோடு முதல் அத்தியாயத்திலிருந்தே பார்க்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். பொறுமையில்லாதவர்கள் கானி முதன்முதலில் வரும் குமிழி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, அமெதிஸ்டின் விரிசல், ஸ்டீவானி, வாள் பயிற்சி, மருத்துவமனை என்று வரிசையாகப் போகலாம். பிள்ளைகளே பிறகு விட்டுப்போனவற்றைத் தேடிப் பார்த்துக்கொள்வார்கள். பின்தொடரை மட்டும் பன்னிரண்டு வயதுக்கு முன் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. காட்டும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அண்ணன் மகன் அந்த ஊடுகதிர்க் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு, "இத்தனை நாளா இவங்க யாருக்குமே தெரியாதா அத்தை?" என்று கேட்டான். அப்புறம் ஒரு மணி நேரம் தொடரைப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்தோம்.